பத்து பேர்ச் காணியும் பழகிப்போன பேச்சுகளும்

ஹட்டன் டவுனில் காணித் தரகு பார்ப்பவனைத் தேடி வருகிறவர்களில் பணக்காரர்கள் குறைவு. கொழும்பில் கடை வேலை செய்து சீட்டுப் பிடித்துக் காசு சேர்த்த தம்பிமார், குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலை பார்த்துக் காசு அனுப்பிய அக்காமார், கணவனும் மனைவியுமாக ஆசிரியர் வேலைக்கு வந்துவிட்ட தோட்டத்துப் பிள்ளைகள், ஓய்வு பெற்று ஊழியர் சேமலாப நிதியை எடுத்த கணக்கப்பிள்ளை. இவர்கள் கேட்பது பத்து பேர்ச், மிஞ்சினால் பதினைந்து. கொட்டகலை, டிக்கோயா, தலவாக்கலை, வட்டவளை, நோர்வூட் என்று பஸ் ஓடுகிற இடமாக இருக்க வேண்டும், பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நுவரெலியா டவுனில் கிரகரி வாவியைச் சுற்றி வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள்.

ஒரு குடும்பம் ஆயுள் முழுக்கச் சேர்த்த காசு ஒரே நாளில் கைமாறுகிற தொழில் இது. அந்த நாளில் பத்திரத்தைப் பார்க்காமல் பேச்சை நம்பிப் பணத்தைக் கொடுக்கிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். இதற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இருநூறு வருடமாக இந்த மலையில் வாழ்ந்த நம் சனத்தில் பெரும்பாலோர் கையில் காணிப் பத்திரம் என்று ஒன்று இருந்ததே இல்லை. துரையின் கடிதம், தலைவரின் வாக்கு, பக்கத்து லயத்தார் சாட்சி, இவற்றை வைத்தே நான்கைந்து தலைமுறை காலம் தள்ளிவிட்டது. அந்தப் பழக்கம் காணி வாங்கும்போதும் கூடவே வருகிறது. அடிக்கடி என் காதில் விழுகிற பேச்சுகளையும், அவற்றுக்கு எதிரே சட்டமும் மண்ணும் சொல்வதையும் இங்கே எழுதுகிறேன்.

“தாத்தா காலத்துலருந்து இருக்கிற லயம், அது எங்களுக்குத்தான் சொந்தம்.”

நியாயத்தில் இது சரி. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இதைச் சொல்லாமல் வேறு யார் சொல்வது? ஆனால் இன்றைய சட்டத்தில் அது சொந்தம் இல்லை. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு போட்டது. 1975இல் வந்த திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசின் கீழ் கொண்டு வந்தது. அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் ஜனவசமவும் அவற்றை நடத்தின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. கம்பனிகளிடம் இருப்பதும் குத்தகை மட்டுமே, 2045 வரை. கம்பனிக்கே சொந்தமில்லாத மண்ணில் துரை எழுதித் தரும் கடிதம் எப்படி உறுதியாகும்?

“பத்து வருஷம் இருந்தா சொந்தமாயிரும்” என்று இதோடு ஒரு வாதமும் வரும். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் பத்து வருடக் கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அது சொந்தக்காரனின் உரிமையை ஏற்காமல், அவனுக்கு எதிராக, இடைவிடாமல் ஆண்டு வந்தவருக்கு உரியது. வேலைக்காகக் கொடுத்த காம்பராவில் அனுமதியோடு இருப்பது எத்தனை வருடமானாலும் அந்தக் கணக்கில் சேராது. அரசின் காணிக்கு எதிராக அந்தக் கணக்கு ஓடவே ஓடாது. மாறாக, அரச காணியில் இருப்பவரை 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றம் வழியாக வெளியேற்ற முடியும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், லயக் காம்பராக்களைக் காசுக்குக் கைமாற்றுவது இன்னும் நடக்கிறது. பென்ஷன் எடுத்துப் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போகிறவர், இஸ்தோப்பை அடைத்துக் கட்டிய செலவு என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்கிறார். வாங்கியவரிடம் மிஞ்சுவது சாவியும், யாரோ எழுதிய ஒரு துண்டுக் கடிதமும். அந்தக் காசைத் திருப்பிக் கேட்க அவருக்கு ஒரு வழியும் இருக்காது. 2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் காணியுரிமையை ஒரு முதன்மைக் கோரிக்கையாக வைத்தார்கள். கோரிக்கை வைக்க வேண்டியிருக்கிறது என்றாலே உரிமை இன்னும் கைக்கு வரவில்லை என்றுதான் பொருள்.

“வீடு கட்டிக் குடுத்துட்டாங்க, அப்புறம் என்ன?”

வீடு வேறு, காணி வேறு. இந்திய உதவியில் கட்டிய தனி வீடுகளைப் பாருங்கள். 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,905 சதுர அடி. ஓர் ஏக்கரில் 160 பேர்ச் உண்டு. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்தை விட்டு அப்படியொரு வீட்டுக்குப் போவது பெரிய விடுதலை, அதில் இரண்டாவது பேச்சு கிடையாது. ஆனால் திறப்பு விழாவில் சாவி கிடைத்த எல்லாருக்கும் அன்றே உறுதி கிடைத்துவிடவில்லை. உறுதி இல்லாத வீட்டை வங்கியில் ஈடு வைக்க முடியாது, பிள்ளைக்கு நன்கொடையாக எழுத முடியாது. அப்படிப்பட்ட வீட்டை யாராவது விற்க வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். உறுதி கையில் இருந்தாலும், விற்கத் தடையோ முன் அனுமதியோ அதில் எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகப் படிக்க வேண்டும்.

“ஒரிஜினல் உறுதி அவர் கையில இருக்கு, நான் என் கண்ணால பார்த்தேன்.”

அதிகக் காசு தொலைவது இந்தப் பேச்சில்தான். உறுதி என்பது ஒரு நாளில் நடந்த ஒரு காரியத்தின் பதிவு. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அந்தத் தாள் சொல்லாது. அதே ஆள் அடுத்த மாதம் இன்னொருவருக்கு விற்றிருக்கலாம், வங்கியில் ஈடு வைத்திருக்கலாம், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கலாம். தாள் புதுமை குலையாமல் அவர் பையிலேயே இருக்கும்.

நுவரெலியா காணிப் பதிவகத்துக்கு ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள். ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாகப் பஸ்ஸில் போய்விடலாம். ஓரம் தேய்ந்த பெரிய ஏடுகளில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பக்கம். தலையில் காணியின் பெயர், வடக்கு கிழக்கு தெற்கு மேற்கு எல்லைகள், விஸ்தீரணம். அதற்குக் கீழே வரிசையாக யார் கொடுத்தார், யார் எடுத்தார், உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர். ஈடு வைத்திருந்தால் அதுவும் அங்கே ஏறியிருக்கும். பக்கம் நிறைந்துவிட்டால் எந்த ஏட்டின் எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்று அடியில் குறித்திருப்பார்கள். எங்கிருந்து வந்தது என்று மேலே இருக்கும். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சட்டத்தரணிகள் வழக்கமாக 30 வருடம் பின்னால் போகிறார்கள். தோட்டத்தை ஒட்டிய காணி என்றால் இன்னும் பின்னால், 1972க்கு முன்னால் யார் பெயரில் இருந்தது என்றும் பார்ப்பது நல்லது. தேயிலைத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்பதைக் கட்டுப்படுத்த 1958இலேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது. உச்சவரம்பில் அரசுக்குப் போன தோட்டத்தின் மூலையைப் பழைய உறுதியைக் காட்டி விற்க முயல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் இதில் கடுமையானது. நீங்கள் முதலில் வாங்கியும் பதியாமல் வைத்திருந்து, பிறகு இன்னொருவர் அதே காணியை மோசடி இல்லாமல் காசு கொடுத்து வாங்கி முதலில் பதிந்துவிட்டால், அவருடைய உறுதிதான் நிற்கும். உறுதி எழுதிய அன்றோடு வேலை முடிந்ததென்று பெட்டியில் பூட்டி வைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவுக்குப் போனதா, எந்த ஏட்டில் ஏறியது என்று நொத்தாரிசிடம் கேட்டு வாங்குங்கள்.

“முத்திரை ஒட்டி அக்ரிமென்ட் எழுதி, ஜீ.எஸ். முன்னால கையெழுத்து வச்சோம்.”

கிராம உத்தியோகத்தருக்குக் காணி விற்பனையை முடித்து வைக்கும் அதிகாரம் கிடையாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் சொல்லும் உடன்படிக்கையும் எழுத்தில், நொத்தாரிசினதும் இரண்டு சாட்சிகளினதும் முன்னிலையில் கையெழுத்தாக வேண்டும். வீட்டு மேசையில் எழுதிய தாளைக் காட்டி, காணியை எழுதிக் கொடு என்று கட்டாயப்படுத்த முடியாது. கொடுத்த அட்வான்ஸைத் திரும்பக் கேட்டு வழக்காடலாம், அது எத்தனை வருடம் இழுக்கும் என்பது வேறு கதை. ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் நாளே நொத்தாரிசிடம் போக வேண்டும்.

இதே குடும்பத்துப் பேச்சுகள் இன்னும் சில. அட்டர்னி பவர் இருக்கிறது, அண்ணன் கனடாவில் இருக்கிறார் என்பார்கள். கொடுத்தவர் இறந்த அன்றே அந்த அட்டர்னித் தத்துவம் முடிந்துவிடும், உயிரோடு இருக்கும்போதும் அவர் அதை ரத்துச் செய்யலாம், எனவே அவரோடு நேரில் பேசாமல் காசை நீட்டக் கூடாது. சத்தியக் கடதாசி முடித்து பெர்மிட் காணி வாங்கலாம் என்பார்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியும் ஜயபூமி, ஸ்வர்ணபூமி அளிப்புக் காணியும் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் கைமாறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போய் அங்கே குடியுரிமை எடுத்த மாமா பெயரில் வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வெளிநாட்டவருக்குக் காணி விற்பதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு விலக்கு இருந்தாலும் இந்தியா இரட்டைக் குடியுரிமை கொடுப்பதில்லை.

பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காணி வரைக்கும் வேன் போகிறது என்பதை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். அந்த ரோடு தோட்டத்து ரோடாக இருக்கலாம். நாளைக்குக் கேட் போட்டால் சிமெந்து லொறி உள்ளே வராது. பாதையுரிமை நில அளவைப் படத்தில் வரைந்திருக்க வேண்டும், உறுதியின் அட்டவணையிலும் எழுதியிருக்க வேண்டும். பீலித் தண்ணீருக்கும் இதே கதைதான்.

“தேயிலை நின்ன மண்ணு, நூறு வருஷமா அசையல.”

பத்திரம் சரியாக இருந்தாலும் இந்த நம்பிக்கை உயிரை எடுக்கும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அதுவும் தேயிலை நின்ற மண்தான். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. ஆனாலும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் இலங்கை முழுக்க 600க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டு போனது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவு எத்தனை குடும்பங்களைப் புதைத்தது என்று இந்தப் பக்கத்தில் யாரையும் கேட்கத் தேவையில்லை.

தேயிலை மலை இத்தனை காலம் நின்றதற்கு ஒரு காரணம் கான். மலைக்குக் குறுக்கே கான் வெட்டி, மழைத் தண்ணீரை ஓடைக்குத் திருப்பி, மண் அடைத்தால் ஆள் விட்டு வாரி வைத்தார்கள். அதே மலையைப் பத்துப் பத்து பேர்ச்சாகப் பிரித்து விற்கும்போது முதலில் மூடப்படுவது அந்தக் கான்கள்தான். பிறகு வீட்டுக்கு மேடை எடுக்க ஜே.சி.பி. வருகிறது, சரிவின் அடிக்காலை வெட்டி எடுக்கிறது. வெட்டின மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளி அதன் மேல் அரை வீட்டைக் கட்டுகிறார்கள். கானில் ஓட வேண்டிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. நூறு வருடம் அசையாத மலை ஐந்தாறு வருடத்தில் அசைவதற்கு இது போதும்.

காணி பார்க்கப் போகும்போது வெயில் நாளில் ஒரு முறையும் மழை நாளில் ஒரு முறையும் போங்கள். மேல்பக்கம் ஏறி நடந்து பாருங்கள். நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு ஓடுகிறதா, மரங்களும் லைட் போஸ்டுகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா, பக்கத்து வீட்டுக் கதவு சட்டத்தில் இறுகிக்கொண்டதா, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வருகிறதா, புது இடத்தில் கசிகிறதா, இவற்றைக் கேளுங்கள். வாஸ்து பார்க்க ஆளை அழைத்து வருவதில் தவறில்லை, சரிவைப் பார்க்கவும் ஆள் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களுக்கு வரைபடம் வைத்திருக்கிறது. நம் மாவட்டத்தில் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போனால் அந்த நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்பார்கள். பெரும்பாலோர் காணியை வாங்கி முடித்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். அறிக்கை பாதகமாக வந்தால் அட்வான்ஸ் முழுக்கத் திரும்ப வேண்டும் என்று உடன்படிக்கையிலேயே ஒரு வரி போடச் சொல்லுங்கள். அந்த வரிக்குச் சம்மதிக்காத விற்பனைக்காரரிடம் வாங்க வேண்டாம்.

“பொம்பள பேர்ல எதுக்கு?”

இது மலையகத்தில் மட்டும் கேட்கிற பேச்சு இல்லை. ஆனால் இங்கே கேட்கும்போது எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் அந்தக் காசில் பாதிக்கு மேல் கொழுந்துக் கூடையிலிருந்தும் மத்திய கிழக்குச் சமையலறையிலிருந்தும் வந்தது. தமிழர் எல்லாருக்கும் தேசவழமைதான், மனைவி தன் காணியை விற்கக் கணவன் கையெழுத்து வேண்டும் என்று சில படித்தவர்களே சொல்கிறார்கள். தேசவழமை வடமாகாணத்தை நிரந்தர வசிப்பிடமாகக் கொண்ட தமிழருக்குரியது. மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான். 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி மணமான பெண் தன் பெயரில் சொத்து வாங்கலாம், கணவன் சம்மதம் இல்லாமல் விற்கலாம். ஆண் பிள்ளைக்குத்தான் காணி என்பதும் சட்டத்தில் கிடையாது. 1876ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, மரணசாசனம் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் பாதி உயிரோடு இருக்கும் துணைக்கு, மறு பாதி மகன், மகள் என்ற பேதமில்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக.

வாங்குகிறவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. காணி இறந்துபோன மனைவி பெயரில் இருந்தது, இப்போது ஐயா மட்டும் கையெழுத்து வைக்கிறார் என்றால் அவர் விற்பது தன் பாதியை மட்டும்தான். கட்டிக்கொண்டு போன மகள்களின் கையெழுத்தையும் கேளுங்கள். ஐயா கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

“புரோக்கர் எல்லாம் பார்த்துக்குவார்.”

நானே அந்தத் தொழிலில் இருப்பதால் இதைச் சொல்ல எனக்குக் கடமை உண்டு. தரகருக்குக் காணி கைமாறினால்தான் காசு. வாங்க வேண்டாம் என்று சொல்லி அவர் சம்பாதிக்க வழியில்லை. நேர்மையான தரகர் விலை பேசுவார், ஆளைச் சேர்ப்பார், எல்லைக்கல்லைக் காட்டுவார். பத்திரம் பார்ப்பது சட்டத்தரணியின் வேலை, எல்லைக்கல் சரியா என்று அளப்பது உரிமம் பெற்ற நில அளவையாளரின் வேலை. விற்பவர் கொண்டு வரும் நொத்தாரிசே போதும் என்று விட்டுவிடாதீர்கள். கட்டணத்தையும் முத்திரை வரியையும் வழக்கமாகக் கட்டுவது வாங்குபவர், ஆகவே நொத்தாரிசைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருக்குத்தான்.

முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மீதிக்கு நூற்றுக்கு 4. இருபது இலட்சம் காணிக்கு 79,000 ரூபாய். இதை மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்கிறவர்கள் உண்டு. பிற்பாடு உரிமைத் தகராறு வந்து காசைத் திரும்பக் கேட்டால், நீதிமன்றத்தில் உங்கள் கையிலுள்ள சாட்சி அந்தக் குறைந்த தொகைதான். கையில் முழுக் காசும் இருந்தாலும் ஒரு வங்கியில் வீட்டுக் கடனுக்குக் கேட்டுப் பார்க்கும்படி என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஈடு எடுக்க வங்கி மறுத்த காணிக்கு, ஏன் மறுத்தார்கள் என்று தெரியும் வரை ஒரு சதமும் கொடுக்கக் கூடாது.

தம்பிமாரே, அக்காமாரே, அட்வான்ஸ் கேட்கும் ஆளிடம் முதலில் உறுதியின் பிரதியையும், காணி எந்த ஏட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற இலக்கத்தையும் வாங்குங்கள். அவற்றைக் கொண்டுபோய் நீங்களே தேர்ந்த சட்டத்தரணியிடம் கொடுத்துவிட்டு, பதில் வரும் வரை காசை வங்கியிலேயே விட்டு வையுங்கள். இன்றைக்குக் கொடுக்காவிட்டால் வேறு ஆள் வாங்கிவிடுவார் என்று அவசரப்படுத்தினால், வாங்கட்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.